விலை தெரிந்த கை

ஒத்திகைக் கூடத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு தராசு நின்றது. ப்ளைவுட்டில் செய்து தங்க நிறம் அடித்தது. ஒரு தட்டில் தையல் மெஷின் இருந்தது. அந்தத் தட்டு அசையாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். மறு தட்டு மட்டும் ஒரு கம்பியில் தொங்கியது. கம்பி மேலே ஏறி, தராசின் தண்டுக்குள் இறங்கி, கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு கைப்பிடியில் போய் முடிந்தது. கைப்பிடியைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்மணியை அலுவலகத்தில் எல்லோரும் ஆட்டக்கா என்றே கூப்பிட்டார்கள்.

தொலைக்காட்சியில் பொருளின் விலையைச் சரியாகச் சொல்லிப் பரிசு வாங்குகிறவர்களைப் பார்க்கிறோம். அந்த ஆட்டங்களை ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்கிறார் என்று நமக்குத் தோன்றுவதில்லை. ஆட்டக்காவின் வேலை அதுதான். நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் செய்துவருகிறார். அவருடைய பழைய ஆட்டங்கள் எல்லாம் தேய்ந்துவிட்டன. பார்க்கிறவர்களுக்கே பதில் முன்கூட்டித் தெரிந்தது. சேனலின் மேலாளர் அம்மாள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: புதிதாக ஓர் ஆட்டம் வேண்டும்; அது பிடித்தால் நிகழ்ச்சி இருக்கும், இல்லாவிட்டால் அந்த நேரம் சமையல் நிகழ்ச்சிக்குப் போகும். நிகழ்ச்சி போனால் கேமராக்காரர் வேறு நிகழ்ச்சிக்குப் போவார், தச்சர் வேறு மேடை கட்டுவார். விலை ஆட்டம் செய்கிறவருக்குப் போக இன்னோர் இடம் கிடையாது.

புதிய ஆட்டம் இப்படி. போட்டியாளர் மேசையிலிருந்து சின்னப் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். அவற்றின் மொத்த விலை தையல் மெஷினின் விலையை நெருங்கியதும் "போதும்" என்று சொல்ல வேண்டும். தாண்டிவிட்டால் திரைக்குப் பின்னாலிருக்கிற கை கைப்பிடியை விட்டுவிடும்; தட்டு தடாலென்று விழும்; எல்லாம் போயிற்று. கண்ணுக்குத் தெரிவது எடையும் பருமனும். தட்டை விழவைப்பது விலை. மேசைக்கான பொருட்களை ஆட்டக்கா அதற்கென்றே பொறுக்கியிருந்தார்: கனமான, ஆனால் மலிவான இரும்பு வாணலி; உள்ளங்கையில் அடங்கினாலும் கொள்ளை விலையுள்ள வாசனைப் புட்டி; குடை, டார்ச், மூக்குக்கண்ணாடிச் சட்டம், பூட்டு.

இந்தப் பொறுக்கலின் தொல்லை வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர் கணவர் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பொறுமைசாலி. அவரே ஒருநாள், இந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்கு முன் டம்ளரின் விலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார்.

இந்தத் தொழிலில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. விலை தெரிந்தவர் போட்டியாளரின் கண்ணில் படக் கூடாது. படப்பிடிப்பு நாளில் ஆட்டக்கா பின்வாசல் வழியாக வருவார், தனியாகச் சாப்பிடுவார், திரைக்குப் பின்னால் இருமலைக்கூட விழுங்கிக்கொள்வார். ஒருமுறை பொருள் அடுக்குகிற ஊழியர் போட்டியாளரைப் பார்த்துச் சிரித்துவிட்டார் என்பதற்காக அந்தச் சுற்று முழுவதையும் ரத்து செய்ய வைத்தவர் அவர். அந்த விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை.

சோதனை ஆட்டங்கள் நம்ப முடியாத அளவுக்கு நன்றாகப் போயின. மற்ற மாடிகளிலிருந்து கூட்டிவரப்பட்ட குமாஸ்தாக்கள், வரவேற்புப் பெண், வாசல் காவலாளி, எல்லோரும் விலையின் விளிம்புவரை போய் அங்கே தயங்கி, வேர்த்து, பொருளைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நின்று, கடைசியில்தான் முடிவெடுத்தார்கள். சிலர் தோற்றார்கள், பலர் மயிரிழையில் தப்பினார்கள். தயாரிப்பாளர் இளைஞர், ஆட்டக்காவைவிட வயதில் மிகவும் சின்னவர். அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, இது ஆட்டம் இல்லை அக்கா, நெஞ்சுவலி என்றார். மேலாளர் அம்மாள் வந்து பார்ப்பதற்கு நாள் குறித்தார்.

அதற்கு இரண்டு நாள் முன்பு ஆட்டக்கா தன் நாத்தனாரை அழைத்துவந்தார். உறவினர்கள் நிகழ்ச்சியில் கலந்துகொள்ள முடியாது, சோதனைக்குத் தடையில்லை. விலைவாசி அறவே தெரியாத ஒருவர் எவ்வளவு சீக்கிரம் தோற்பார் என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு நாத்தனாரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. வெளியூரில் அவர் வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் அவர் கணவரே வாங்கிவருவார். அண்ணன் வீட்டில் சில நாள் தங்கிப் போக வந்திருந்தார்.

நாத்தனார் ஜெயித்தார். விளிம்புக்கு ஒரு பூட்டின் விலை அளவே மிச்சம் இருக்கும்போது நிறுத்தினார். கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். திரைக்குப் பின்னால் ஆட்டக்கா கைப்பிடியை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது கேட்டார். "எப்படி அந்த இடத்துல நிறுத்தின?"

"நான் ஜெயிச்சது உங்களுக்குப் பொறுக்கலையா அண்ணி?"

"பொறுக்கலதான். சொல்லு."

"சாமானை யாரு பார்த்தா? தட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். முதல்ல சும்மா தொங்குச்சு. போகப் போக அதுக்கே பயம் வந்த மாதிரி இருந்துச்சு. சரி, பாவம், விட்டுருவோம்னு விட்டுட்டேன்."

ஆட்டக்காவுக்கு இறங்க வேண்டிய நிறுத்தத்தை நாத்தனார்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

விலை பொருளுக்குள் இருப்பதில்லை. எடை இருக்கிறது, பருமன் இருக்கிறது, நிறம் இருக்கிறது. விலை யாரோ ஒருவருடைய தலைக்குள் இருக்கிறது. அந்தக் கூடத்தில் அது ஆட்டக்காவின் தலைக்குள் இருந்தது. முகத்தை மறைத்தார், குரலை மறைத்தார், மூச்சைக்கூட மறைத்தார். கையைக் கொண்டுபோய்க் கம்பியில் கட்டிவிட்டார். மொத்தம் விளிம்பை நெருங்க நெருங்க அவர் பிடி இறுகியிருக்கிறது. இறுகிய கை நடுங்கியிருக்கிறது. நடுக்கம் கம்பி வழியாக ஏறித் தட்டில் இறங்கி, போட்டியாளரின் கண்ணுக்கு எதிரே தொங்கியிருக்கிறது. மற்றவர்கள் அதைப் பார்த்தோம் என்று அறியாமலே பார்த்தார்கள். நாத்தனாருக்குப் பார்க்க வேறொன்றும் இல்லாததால் தெரிந்தே பார்த்தார்.

மறுநாள் காலை தச்சரைக் கூப்பிட்டு, கையின் நடுக்கம் தட்டுக்குப் போகாதபடி அதைத் தண்டோடு ஒரு கொக்கியால் பூட்டச் சொன்னார். நல்ல கல்யாணப் பெண்ணுக்கு விலங்கு மாட்டச் சொல்கிறீர்களே என்று முணுமுணுத்துக்கொண்டே தச்சர் செய்தார். அதே மாடிகளிலிருந்து வேறு ஆட்களைக் கூட்டிவந்து ஆட்டத்தை நடத்தினார்கள். ஒருவர் மளமளவென்று எல்லாவற்றையும் அள்ளி வைத்தார். இன்னொருவர் மூன்றாவது பொருளிலேயே போதும் என்று கைகளைத் தட்டிக்கொண்டார். யாரும் தயங்கவில்லை, யாருக்கும் வேர்க்கவில்லை. விளக்குக்காரர் கொட்டாவி விட்டார். ஆட்டம் செத்துக் கிடந்தது.

ஆட்டக்கா தயாரிப்பாளரை அவருடைய அறையில் பார்த்து நடந்ததை முழுவதும் சொன்னார். அவர் கதவைச் சாத்தினார்.

"கொக்கியைக் கழட்டிடுங்கக்கா. தட்டு நடுங்கினா யாருக்கு என்ன நஷ்டம்? ஜெயிக்கிறவங்க சந்தோஷமாப் போறாங்க."

"பார்க்கத் தெரிஞ்சவங்க ஜெயிக்கிறாங்க. தெரியாதவங்க தோக்கிறாங்க. அது விலை ஆட்டம் இல்ல. என் கையைப் படிக்கிற ஆட்டம்."

"அந்தக் கை நடுங்கலேன்னா நாம எல்லாரும் வீட்டுக்குப் போகணும். நாளைக்கு மத்தியானம் மேடம் வர்றாங்க. நீங்க வாயைத் திறக்கலேன்னா யாருக்கும் தெரியாது."

"என் நாத்தனாருக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்கே சொன்ன மாதிரி."

தயாரிப்பாளர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த வருடம்தான் குழந்தை பிறந்திருந்தது. ஆட்டக்காவின் பேரில் அவருக்கு மரியாதை இருந்தது. அந்த மரியாதை அன்றைக்குப் பெரிய இடைஞ்சலாகப் போய்விட்டது. கொக்கியோடு மேலாளரிடம் காட்டினால் நிகழ்ச்சி முடிந்தது, கொக்கியில்லாமல் காட்டினால் பிழைத்தது, நாளைக் காலைக்குள் சொல்லுங்கள் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, எல்லாருடைய பிழைப்பையும் நினைத்துப் பாருங்கள் என்றார். ஆட்டக்கா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஆட்டக்கா பல் துலக்கிக்கொண்டே வீட்டு முன்னறைக்கு வந்தபோது கணவர் ஸ்டூல் மேல் நின்று எரிந்துபோன பல்பை மாற்றிக்கொண்டிருந்தார். நாத்தனார் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டாத," என்றார் கணவர்.

"நான் ஆட்டல. நீதான் அண்ணா ஆடுற."

"நீ பயப்படுற. அது எனக்குக் காலுல தெரியுது."

"நீ விழுந்துருவியோன்னு பயப்படுறேன். நீ நடுங்காம நின்னா நான் ஏன் பயப்படப்போறேன்?"

இரண்டு பேரும் நடுங்கினார்கள். யாருடைய நடுக்கம் யாருக்குப் போகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஸ்டூல் எத்தனை உறுதி என்பதும் இருவருக்கும் தெரியாது. ஆட்டக்கா வாயில் பிரஷோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, இருவரையும் உடை மாற்றிக்கொண்டு கிளம்பச் சொன்னார். கடையை யார் திறப்பது என்று கணவர் கேட்டார். இன்றைக்கு ஊரில் யாருக்கும் கண் மங்காது என்று பதில் வந்தது.

தச்சர் கொக்கியையும் கைப்பிடியையும் கழற்றி, கம்பிக்குப் பதிலாகக் கயிறு போட்டு, அதன் நுனியைத் திரைக்கு முன்னால் எல்லோரும் பார்க்கும்படி கொண்டுவந்தார். விதி மாறியது. போட்டியாளர் தன் வீட்டு மனிதர் ஒருவரோடு வர வேண்டும். ஒருவர் பொருளை எடுத்து வைப்பார். மற்றவர் கயிற்றைப் பிடித்துத் தட்டைத் தாங்குவார். கயிறு பிடித்தவர் மட்டுமே "போதும்" என்று சொல்லலாம். தட்டு விலைக்காக விழாது. தாண்டினார்களா இல்லையா என்பது போதும் என்ற பிறகுதான் பலகையில் தெரியும். விலை தெரிந்தவர் அந்தக் கூடத்திலேயே இருக்க மாட்டார்.

ஒத்திகை பார்க்க நேரமில்லை. தயாரிப்பாளர் புது விதியைக் கேட்டுவிட்டு, இது நடக்குமா அக்கா என்றார். தெரியாது என்றார் ஆட்டக்கா. வேறெந்த ஆட்டத்தைப் பற்றியும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

மத்தியானம் மேலாளர் அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டக்கா பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அங்கிருந்த டிவித் திரையில் பார்த்தார்.

கணவர் மேசைப் பக்கத்திலும் நாத்தனார் கயிற்றைப் பிடித்தபடியும் நின்றார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கணவர் இரும்பு வாணலியை வைத்தார். கயிறு நாத்தனாரின் கையை வெடுக்கென்று இழுத்தது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தார். டார்ச், குடை, பூட்டு. மேலாளர் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தயாரிப்பாளர் நகத்தைக் கடித்தார். பிறகு கணவர் வாசனைப் புட்டியை எடுத்தபோது தட்டு லேசாக ஆடியது.

"அது வேண்டாம்ணா. கனம் தாங்கல."

"இதுல என்ன கனம் இருக்கு? சின்னப் புட்டி."

"புட்டி இல்ல. மொத்தமும். கை சொல்லுது, நிறைய ஆயிடுச்சுன்னு."

"வாணலி கனம் அது. விலை இல்ல. நீ பேசாம பிடி."

அவர் புட்டியை வைத்தார். ஆட்டக்காவுக்கு மட்டும் தெரிந்தது: இன்னும் தாண்டவில்லை. இந்த இடத்தில் நிறுத்தினால் ஜெயம். நாத்தனார் வாயைத் திறந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். தட்டு இப்போது எல்லோரும் பார்க்கும்படி நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தில் ஒரு தகவலும் இல்லை. பயம் மட்டும் இருந்தது. மேலாளர் அம்மாளின் கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தைக் கையில் எடுத்தார். அவர் முகத்தில் அதுவரை இல்லாத தெளிவு வந்தது.

"இது என் தொழிலு. இதோட விலை எனக்குத் தெரியும். தாராளமா வைக்கலாம்."

பக்கத்து அறையில் ஆட்டக்கா கண்ணை மூடிக்கொண்டார். கணவருக்குத் தெரிந்தது அவர் மொத்தக்கடையில் வாங்குகிற விலை. வருடக்கணக்காக அந்த விலையில் அதைப் பார்த்துப் பழகியவருக்கு, அதே சட்டத்துக்குத் தானே தன் கடையில் எவ்வளவு கேட்கிறோம் என்பது அந்த நிமிடத்தில் ஞாபகம் வரவில்லை.

சட்டம் தட்டில் உட்கார்ந்தது. "போதும், போதும், போதும்," என்றார் நாத்தனார். பலகையில் எண் எரிந்தது. தாண்டியிருந்தார்கள்.

நாத்தனார் கயிற்றை விட்டார். தட்டு தரையில் மோதிய சத்தம் மூடிய கதவுக்கு இந்தப் பக்கமும் கேட்டது. அவர் அண்ணனைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "அப்போ கடையில எங்ககிட்ட எவ்வளவு வாங்கினே நீ?"

கூடம் முழுக்கச் சிரித்தது. மேலாளர் அம்மாள் சிரித்தாரா என்று திரையில் தெரியவில்லை. அவர் கைப்பையை எடுக்கக் குனிந்திருந்தார். நிமிர்ந்ததும் தயாரிப்பாளரிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனார்.

தயாரிப்பாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது ஆட்டக்கா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"தங்க நிறம் கேமராவுல பளபளக்குது, வேற நிறம் அடிங்கன்னாங்க."

"வேற?"

"கயிறு கையை அறுக்கும், துணி சுத்துங்கன்னாங்க. அவ்வளவுதான்க்கா." அவர் கதவில் சாய்ந்துகொண்டார். "படப்பிடிப்புத் தேதி கேட்டாங்க."

ஆட்டக்கா தலையாட்டினார். எழுந்திருக்க மேசையில் கையை ஊன்றியபோதுதான், வலது கை ஆட்டம் தொடங்கியதிலிருந்து இறுக மூடியே இருந்தது தெரிந்தது. அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, தச்சரிடம் நிறத்தைப் பற்றிப் பேசப் போனார்.