தம்பி பிரேக்கை மிதிக்கவில்லை

என் தம்பியை ஊதிக்காட்டச் சொன்னார்கள். அதுவும் என் கண் முன்னாலேயே. ஜும்மா தொழுதுவிட்டு நேராக வந்திருந்தான். தலையில் தொப்பிகூட எடுக்கவில்லை.

எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு லாரி. தாராவியில் வாப்பா நடத்திய தோல் பட்டறையை விற்று வாங்கியது. ஆர்.சி. என் பேரில், ஓட்டுவது தம்பி. துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு புனே பக்கம் போவான். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் புது மாதிரி வண்டி. கிளட்ச் பெடலே கிடையாது.

மழைக்காலம் முடிந்ததும் அதற்கு ஒரு வினோதமான கோளாறு வந்தது. லோடோடு ஏற்றத்தில் ஏறும்போது திடீரென்று ஆக்சிலேட்டர் செத்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் கேட்காது. கியர் தானாகவே எட்டிலிருந்து ஆறு, ஆறிலிருந்து நாலு என்று இறங்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அலறவிட்டுத் தாயைப் பழிப்பார்கள். கொஞ்ச நேரத்தில், ஒன்றுமே நடக்காதது போல வண்டி மறுபடி இழுக்கும். ஒரு நாள் வரும், பிறகு ஒரு வாரம் வராது.

சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பைச் செருகிப் பார்த்தார்கள். பழுது எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். டீசல் ஃபில்டரை மாற்றினார்கள், அடுத்த தடவை ஆக்சிலேட்டர் பெடலையே மாற்றினார்கள். காலி வண்டியைச் சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு எல்லாம் சரி என்றார்கள். புனே போகும் வழியில் கண்டாலா மலையேற்றத்தில் மறுபடியும் செத்தது. லோடோடு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள் என்று தம்பி கெஞ்சினான். ஒருவரும் வரவில்லை.

கடைசியாகப் போன அன்று சூப்பர்வைசர் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "மேடம், காடி ஏக்தம் டீக் ஹை. டிரைவர் பீத்தா ஹை க்யா?" என்றான். வண்டி நன்றாக இருக்கிறதாம், டிரைவர் குடிப்பவனா என்று கேட்கிறான். நான் பதில் சொல்வதற்குள் கேட்டிலிருந்த செக்யூரிட்டியைக் கூப்பிட்டு ஊதிப் பார்க்கும் கருவியைக் கொண்டுவரச் சொன்னான். தம்பி வாங்கி ஊதினான். கருவி எதுவும் காட்டவில்லை. "இன்றைக்குக் குடிக்கவில்லை, அவ்வளவுதான்" என்று இந்தியில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான் அந்த மனிதன்.

வெளியே வந்ததும் தம்பியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்ல ஊதுன? மூஞ்சில எறிஞ்சிட்டு வரவேண்டியதுதானல?"

"ஊதலன்னா குடிச்சிருக்கான்னுல்லா சொல்லுவாங்க லாத்தா."

வீட்டில் தம்பி பெண்டாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். மாட்டுங்காவில் ஒரு சேலைக் கடையில் வேலை பார்க்கிறவள். தினமும் ஸ்கூட்டரில் போய்வருவாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"மைனி, நாளைக்கி லோடு ஏத்திட்டு இவங்க போகட்டும். நாம ஸ்கூட்டர்ல பின்னாலயே போவோம். வண்டி திணறுதத வீடியோ எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரா காட்டுவோம்" என்றாள்.

மறுநாள் காலை மான்குர்திலிருந்து கிளம்பினோம். அவள் ஓட்ட, நான் பின்னால் செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பியோடு அவளுடைய போனில் பேசிக்கொண்டே போனோம். ஒயரை என் காதில் செருகியிருந்தேன். வாஷி பாலத்தில் வண்டி ஜோராக ஏறியது. வீணாக வந்தோமோ என்று எனக்கு எரிச்சல். பேலாப்பூர் பக்கம் ஒரு மேம்பாலத்தில் பாதி ஏறியிருப்போம். இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. லாரியின் பின்னால் இரண்டு பிரேக் லைட்டும் பளிச்சென்று எரிந்தன.

"ஏத்தத்துல ஏம்ல பிரேக்க மிதிக்க?" என்று கத்தினேன்.

"நான் எங்க மிதிச்சேன்? காலு ஆக்சிலேட்டர்லதான் இருக்கு!"

"பொய் சொல்லாத. செவப்பு லைட்டு எரியுதுல!"

"அல்லா மேல ஆணையா பிரேக்க தொடல லாத்தா!"

லைட் அணைந்தது. அந்த நொடியே இன்ஜின் உறுமி வண்டி இழுத்தது. கொஞ்ச தூரத்தில் மறுபடி எரிந்தது, மறுபடி இன்ஜின் அடங்கியது. எங்களுக்குப் பின்னால் வந்த தண்ணீர் டேங்கர் கிறீச்சிட்டு ஒதுங்கியது. தம்பி பெண்டாட்டி ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளும் பின்னால் வந்தவர்கள் ஏன் அப்படித் திட்டினார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

லோடை இறக்கியதும் தம்பியோடும் வண்டியோடும் சர்வீஸ் சென்டரில் போய் நின்று வீடியோவைக் காட்டினேன். சூப்பர்வைசர் ஒரு தடவை பார்த்தான், இரண்டாவது தடவையும் பார்த்தான். பிறகு சிரித்தான். "அரே, பிரேக் ஸ்விட்ச்!"

பிரேக் பெடலுக்குக் கீழே கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்விட்ச். அதற்குள் ஈரம் இறங்கிப் பித்தளை முனைகள் பச்சை பிடித்திருந்தன. ஏற்றத்தில் வண்டி அதிரும்போது முனைகள் தானாக ஒட்டிக்கொள்ளும். டிரைவர் பிரேக் போடுகிறார் என்று வண்டியின் கம்ப்யூட்டர் நம்பி டீசலைக் குறைத்துவிடும், கியரும் இறங்கிவிடும். பிரேக் மிதிப்பது பழுது இல்லையே. அதனால்தான் லேப்டாப் வாயே திறக்கவில்லை. டீ குடித்து முடிப்பதற்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

"என் தம்பியிடம் மன்னிப்புக் கேள்" என்றேன்.

"சாரி மேடம்."

"என்னிடம் இல்லை. அவனிடம்."

அவன் தம்பியின் தோளில் தட்டி, "க்யா பாய், டென்ஷன் நஹி லேனே கா" என்றான். டென்ஷன் ஆகாதே என்கிறான். அதுதான் மன்னிப்பாம். டேங்கர் மோதியிருந்தால் யாருக்கு டென்ஷன் என்று கேட்டு நான் போட்ட சத்தத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். தம்பி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டான்.

வண்டி இப்போது மலையை ஒரே மூச்சில் ஏறுகிறது. ஆனால் செம்பூரில் எங்களுக்கு லோடு பிடித்துத் தருகிற ஏஜென்ட் போன வாரம், "உங்க தம்பி கொஞ்சம் தண்ணி போடுவாப்லயாமே?" என்று கேட்டார். யார் சொன்னார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றினார். வீடியோவைக் காட்டினேன். "சரி சரி" என்றார். அந்தச் 'சரி'யில் நம்பிக்கை இல்லை.

நேற்று மத்தியானம் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது சர்வீஸ் சென்டரிலிருந்து போன். ஒரு பெண் குரல். எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று இந்தியில் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே, "மேடம், நம்பர் மட்டும் சொல்லுங்கள்" என்றாள்.

"ஜீரோ."

"ஜீரோ கிடையாது மேடம். ஒன்றிலிருந்துதான் ஆரம்பம்."

போனை வைத்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அவன் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எப்படித்தான் சிரிக்கிறானோ.