பன்னிரண்டு மணிச் சோறு

என் மகளை எல்கேஜியில் சேர்த்த வருடம் எங்கள் வீட்டில் சர்க்கரைக்குத் தடை. பிஸ்கட்டுக்குத் தடை, அப்பளத்துக்குத் தடை, மைதா என்ற சொல்லுக்கே தடை. எல்லாம் டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. பிள்ளையை எடை மெஷினில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "வயசுக்கேத்த எடை இல்லையேம்மா" என்றார். போதாதா எனக்கு? அன்று சாயங்காலமே கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டத் துணி தேடினேன்.

அப்போது நாங்கள் கோச்சடையில் குடியிருந்தோம். தொலைபேசி நிலையத்தில் எனக்கு ஆபரேட்டர் வேலை; காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இரண்டு மணிக்குத்தான் எழுந்திருக்கலாம். அதனால் நாலரைக்கே எழுந்து மகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிவிடுவேன். திங்களன்று கேழ்வரகுப் புட்டு, செவ்வாயன்று முருங்கைக்கீரை அடை, புதனன்று பாசிப்பயறும் கேரட்டும் போட்ட சாதம், வியாழனன்று அவித்த முட்டை. ஒன்பது மணிக்கு அவள் அப்பா சைக்கிளில் கொண்டுபோய்ப் பள்ளியில் விடுவார். இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டையே பள்ளிக்கூடமாக்கியிருந்தார்கள். மூன்று மணிக்கு நான் போய்க் கூட்டிவருவேன்.

வீட்டில் அவளுக்குச் சோறு ஊட்டுவது என்றால் யுத்தம்தான். ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் நான் தட்டோடு உட்கார்ந்தால் வாயைப் பூட்டிக்கொள்வாள். கெஞ்சுவேன், மிரட்டுவேன், கடைசியில் முதுகில் ஒன்று வைப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அவளுக்கும் அப்படியே, எங்கே போகும் ரத்தம்? ஆனால் பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த டப்பா மட்டும் காலியாகத் திரும்பி வந்தது. வியாழக்கிழமை முட்டையைத் தவிர ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. பள்ளி ஆயா கழுவிக்கூட அனுப்பிவிடுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் டாக்டரிடம் போனோம். எடை கூடியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் ஒருத்தி விடாமல் எல்லோருக்கும் கேழ்வரகுப் புட்டுக்குப் பக்குவம் சொன்னேன். "பிள்ளை சாப்பிடலைன்னு அழுவுறீங்களே, ஒழுங்கா செஞ்சு குடுத்தாத்தானே சாப்பிடும்" என்று பாடம் வேறு எடுத்தேன். பக்கத்து சீட்டுக்காரி நோட்டில் எழுதிக்கொண்டாள். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

ஒருநாள் டப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை. மறுநாள் நாலைந்து பொரிகடலை. அதற்கு மறுநாள் மறுபடியும் சர்க்கரை. என் வீட்டில் நான் விரட்டியடித்த சர்க்கரை!

"யாருடி குடுத்தது?"

"அத்தை."

"எந்த அத்தை?"

"சோத்து அத்தை."

எனக்கு வந்ததே கோபம். மறுநாள் தலைவலி என்று சொல்லி அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, பள்ளிக்குப் போய் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். போகும்போது பன்னிரண்டு மணி. அந்த நேரத்துக்கு அந்தப் பள்ளி வாசலை நான் பார்த்ததே இல்லை. கேட்டைத் திறந்து விட்டிருந்தார்கள். வேலைக்குப் போகாத அம்மாக்கள் சுடுசோற்றுத் தூக்குவாளியோடு வந்து, வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் மகள் ஒரு பெண்ணின் மடியில் சாய்ந்திருந்தாள். எங்களுக்குப் பின்தெருவில் இருந்த சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். அவர் மகள் இன்னொரு பக்கம். தன் மகளிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லி ஒரு வாய், என் மகளிடம் தமிழில் கதை சொல்லி ஒரு வாய். பருப்பும் கீரையும் நெய்யும் போட்டுக் குழையப் பிசைந்த சோறு. கீரை! என்னிடம் துப்பித் துப்பி என் சேலையெல்லாம் பச்சையாக்கிய அதே கீரை. என் மகள் கிளிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

இரண்டு பேருக்கும் ஊட்டி முடித்து, வாய் துடைத்துவிட்டு, அந்தப் பெண் என் டப்பாவைத் திறந்து என் கேழ்வரகுப் புட்டைத் தான் சாப்பிட ஆரம்பித்தார்.

நான் போய் முன்னால் நின்றேன். "ஏங்க, அது எம்பிள்ளைக்குக் கட்டிக்குடுத்தது."

அவர் கொஞ்சமும் பதறவில்லை. சிரித்தார். "பாப்பா அம்மாவா? உக்காருங்கக்கா. பாப்பா இந்த டப்பாவத் தொறந்தாலே மொகத்தத் திருப்பிக்கிது. மொதநாளு அம்புட்டையும் கொட்டப்போச்சு. காலையில எந்திரிச்சு செஞ்சு குடுத்தத மண்ணுல கொட்டுறதான்னு நானே சாப்ட்டேன். நல்லாத்தான் இருக்கு, தேங்கா மட்டும் இன்னும் கொஞ்சம் போடலாம். முட்டைதான் நாங்க தொடமாட்டோம்."

"சர்க்கரை?"

"ஒருத்தவுங்க வீட்டுச் சாப்பாட்டச் சாப்ட்டுட்டு எத்தன நாளைக்குத்தான்க்கா வெறும் டப்பாவா அனுப்புறது? கழுவி வைக்கையில ஆயாகிட்ட இருந்தத வாங்கிப் போட்டேன்."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்தால் என் அம்மா வைவாள். கேட்க வைத்திருந்த நாலு கேள்வியையும் விட்டுவிட்டேன். ஒரே ஒரு கேள்விதான் வெளியே வந்தது. "எங்கிட்ட மட்டும் ஏங்க சாப்பிட மாட்டேங்கிறா?"

அவர் மெதுவாகச் சொன்னார். "நீங்க மணியப் பாத்துக்கிட்டே ஊட்டுவீங்களாம். பாப்பாதான் சொல்லுச்சு."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை எனக்கு. பொறாமை. பச்சைப் பொறாமை. என் வயிற்றில் பிறந்தது இன்னொருத்தி கைக்கு வாய் திறக்கிறதே என்று தெருமுனையில் நின்று அழுதேன்.

மறுநாளே சூப்பர்வைசரிடம் போய் ஸ்ப்ளிட் டூட்டி கேட்டேன். காலை ஏழிலிருந்து பத்தரை, மறுபடி நாலு மணியிலிருந்து எட்டு. ஒரு நாளில் இரண்டு தடவை ஆபீஸுக்கு அலைய வேண்டிய அந்த ஷிப்டை யாரும் தொடமாட்டார்கள். "என்னம்மா, தலையெழுத்தா உனக்கு?" என்றார். எனக்கு அந்தப் பன்னிரண்டு மணி வேண்டும், அவசரம் இல்லாத ஒரு பன்னிரண்டு மணி வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "வீட்டுச் சூழ்நிலை சார்" என்றேன். ஜூன் மாதம்தான் டூட்டி சார்ட் மாறும், அப்போது பார்க்கலாம் என்றார்.

அதுவரை டப்பா கட்டுவதை நான் நிறுத்தவில்லை. யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தே கட்டினேன். பிள்ளைக்கென்று குறைத்த உப்பையும் மிளகையும் சரியாகப் போட்டேன். முட்டையை விட்டேன், தேங்காய் கூட்டினேன். சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் ஒரு துண்டு வெல்லமோ இரண்டு பேரீச்சம்பழமோ இருக்கும். வாசலில் பார்த்தால் இருவரும் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

ஜூன் வந்தது. ஷிப்ட் கிடைத்தது. முதல் நாள் பத்தரைக்கு ஓடிவந்து, பருப்பு வேகவைத்து, கீரை கடைந்து, நெய் உருக்கி, சூடு ஆறாமல் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கதைகூட யோசித்து வைத்திருந்தேன்; காக்காவும் பஸ் கண்டக்டரும் வரும் கதை.

வேப்பமரத்தடியில் புது எல்கேஜிப் பிள்ளைகளும் புது அம்மாக்களும். என் மகள் யூகேஜி; வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சோத்து அத்தை தூண் ஓரமாகத் தூக்குவாளியோடு சும்மா நின்றுகொண்டிருந்தார். "இந்த வருசம் அதுகளாவே சாப்பிடணுமாம்க்கா" என்றார். அவர் குரலே சரியில்லை.

நான் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்தேன். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நானே சாப்பிடுவேன். பெரிய பிள்ளைங்க தானா சாப்பிடணும்னு மிஸ் சொன்னாங்க."

"ஒரு வாய்டா. அம்மா ஒரே ஒரு வாய் தாரேன்."

அவள் மிஸ் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். பாவம், போனால் போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, வாயைத் திறந்தாள். ஊட்டினேன். துப்பவில்லை. மென்று விழுங்கிவிட்டு, "போதும்மா, நீ போ" என்றாள்.

மீதியை அவளே அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். பாதி பெஞ்சில் சிந்தியது. தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் முடிந்தபோது மணி பன்னிரண்டே கால்தான். மூன்று மணிக்கு அவளைக் கூட்டிவரும் வரைக்கும் எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை.