ஒரு குரலை அழிக்கும் விண்ணப்பம்

சென்ற ஆண்டு ஆவணி மாதம், முல்லைத்தீவுக் கடற்கரையோரம் இருக்கும் எங்கள் ஊரில் இது தொடங்கியது. பக்கத்து வீட்டு மாமா காலமாகி அன்று முப்பத்தோராம் நாள். காலையில் மாதா கோயிலில் நினைவுத் திருப்பலி, பிறகு வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு.

மாமா கடற்றொழில் செய்தவர். தினமும் விடியும் முன் கரைக்குப் போய்க் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துவிட்டு, ஊர்த் தொழிலாளர்களின் கைபேசிக் குழுவில் ஒரு குரல் பதிவு போடுவார். "இண்டைக்கு இறங்காதேங்கோ பிள்ளையள், கடல் சரியில்லை" என்று அவர் சொன்னால் படகுகள் கரையிலேயே நிற்கும். வானிலை அறிக்கை வேறு மாதிரிச் சொன்னாலும் மாமா சொன்னதுதான்.

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் நன்றி நவிலல் என்று ஒன்று உண்டு. செத்த வீட்டுக்கு வந்தவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியவர்கள், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள் என்று ஒருவரையும் விடாமல் வரிசைப்படுத்திக் குடும்பத்தார் அச்சடித்துக் கொடுப்பார்கள். மாமாவின் மகன் பிரான்சில் இருக்கிறார். விசாச் சிக்கலால் அப்பாவின் அடக்கத்துக்குக்கூட வர முடியவில்லை. அவர்தான் என்னைத் தொலைபேசியில் கேட்டார்: "தங்கச்சி, நீ கொம்பியூட்டர் படிச்சனியெல்லே. அந்த நன்றியை அப்பாவே சொல்லுற மாதிரிச் செய்ய ஏலுமோ?"

ஏலும். அதைச் செய்ய எனக்கு அரை மணித்தியாலம்கூடத் தேவைப்படவில்லை. மாமாவின் பழைய பதிவுகளைச் சேர்த்து, குரலைப் பிரதி செய்து தரும் ஒரு வெளிநாட்டு இணையத்தளத்தில் ஏற்றினேன். 'இந்தக் குரலைப் பயன்படுத்த எனக்கு உரிமை உண்டு' என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன். அதன் கீழே இன்னொரு கட்டம் ஏற்கெனவே அடையாளமிடப்பட்டிருந்தது. சந்தைக்குப் போவதற்கும் பட்டியல் எழுதும் நான், அதை வாசிக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பந்தலில் மாமாவின் குரல் கேட்டது. "என்ரை செத்த வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் நன்றி பிள்ளையள்." பின்வரிசையில் இருந்த அவருடைய கூட்டாளி ஒருவர், "மனுசன் போயும் வாயை மூடேல்லைப் பார்" என்றார். சனம் சிரித்தது, அழுதது, வந்து என் தலையைத் தடவியது. மாமி மட்டும் குசினி வாசலில் நின்று கேட்டுவிட்டு, பாத்திரம் கழுவ உள்ளே போய்விட்டார். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒருநாள் மாமி தன் கைபேசியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "இதைக் கேள்" என்றார். மூட்டுவலி எண்ணெய் விளம்பரம். படத்தில் யாரோ முன்பின் தெரியாத ஒரு முதியவர், ஆனால் குரல் மாமாவுடையது. ஏழே நாளில் முழங்கால் வலி பறந்துவிடும் என்று உறுதி சொல்லிக்கொண்டிருந்தார்.

"சனம் வாங்குதடி. இவர் சாக முதல் சொன்னதெண்டு நினைச்சு வாங்குது. சந்தியில ஒருத்தர் கால் கொப்புளிச்சுப்போய் இருக்கிறார்" என்றார் மாமி. "உயிரோட இருக்கேக்க ஒரு நாள் ஒருத்தருக்குப் பொய் சொல்லாத மனுசன். இப்ப ஊருக்கெல்லாம் பொய் சொல்லுறார். நிப்பாட்டு."

அந்த இரண்டாவது கட்டத்தில் என்ன இருந்தது என்று அப்போதுதான் போய்ப் பார்த்தேன். பிரதி செய்த குரலை எல்லோரும் பயன்படுத்தும் பொதுத் தொகுப்பில் சேர்க்கச் சம்மதம். 'முதிர்ந்த ஆண், இலங்கைத் தமிழ், நம்பிக்கையூட்டுவது' என்ற விவரத்தோடு மாமா அங்கே இருந்தார்.

வழக்கம்போல் கொப்பியில் எழுதினேன்: விளம்பரம் வரும் தளம், பொலிஸ், சட்டத்தரணி, குரல் நிறுவனம். ஒவ்வொன்றாகக் கேட்டு வெட்டிக்கொண்டு போனால் கடைசியில் விடை நிற்கும் என்று நம்பினேன். எனக்குப் படிப்பித்த முறை அப்படி.

விளம்பரத் தளத்தின் பதில் சில நிமிடங்களிலேயே வந்தது. தங்கள் விதிகள் எதையும் அந்த விளம்பரம் மீறவில்லையாம். என் முறைப்பாட்டை எந்த மனிதரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பொலிசில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். முறைப்பாட்டை யாருடைய பெயரில் எழுதுவது என்பதில்தான் நின்றுவிட்டார். "குரல் களவு போனதெண்டு எழுதவோ? குரலுக்குரியவர் வந்து கையெழுத்துப் போடோணுமே" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

பரந்தனில் பஸ் மாறிக் கிளிநொச்சிக்குப் போய், தோழியின் அக்காவான ஒரு சட்டத்தரணியைச் சந்தித்தேன்.

"சம்மதம் குடுத்தது ஆர்?"

"நான்."

"உமக்கு அவர் குடுத்தவரோ?"

"இல்லை அக்கா. மகன் கேட்டவர். நான் கட்டத்தில ரிக் போட்டனான்."

"நல்லது. அப்ப வழக்குப் போட்டா முதல் எதிராளி நீர்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இங்கே சட்டம் இருக்கிறது, இந்த விசயத்தில் அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று தனக்கே தெளிவில்லை என்றார். குரல் நிறுவனம் ஒரு நாட்டில், அதன் கணினிகள் இன்னொரு நாட்டில், எண்ணெய் விற்பவன் எங்கே என்றே தெரியாது. "வழக்குப் போடலாம். எங்கை போடுறதெண்டுதான் தெரியேல்லை."

குரல் நிறுவனம்தான் மிச்சம். என் கணக்கில் இருந்த பிரதியை அழித்துவிட்டேன். பொதுத் தொகுப்பில் இருந்தது போகவில்லை. அதை அழிக்க, குரலுக்குரியவரே விண்ணப்பிக்க வேண்டும், அவர்கள் தரும் ஒரு வசனத்தைத் தன் குரலில் வாசித்து அனுப்ப வேண்டும். அவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். உரியவர் வாசித்து அனுப்ப வேண்டும் என்று அதே பதில் வந்தது. மரணச் சான்றிதழை இணைத்தேன். அதே பதில்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றால் நானும் எடுக்கலாம்தானே?

இம்முறை மாமியிடம் போனேன். "மாமி, இதை நிப்பாட்டுறதெண்டா மாமாவை வைச்சு இன்னொரு பொய் சொல்லோணும்" என்றேன். கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார். "அனுப்ப முதல் எனக்குக் கேக்க விடு" என்றார்.

அவர்கள் கொடுத்த வசனம் ஆங்கிலத்தில் இருந்தது. பொதுத் தொகுப்பில் இருந்த மாமாவின் குரலுக்கு அதை அப்படியே வாசிக்கக் கொடுத்தேன். இந்தக் குரலுக்கு உரியவன் நான், இதை நீக்குமாறு கேட்கிறேன் என்று, சுத்தமான ஆங்கிலத்தில், ஓரிடத்திலும் தடுமாறாமல் மாமா சொன்னார்.

மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இவருக்கு எப்ப இங்கிலீசு வந்தது?"

இன்னொருமுறை போடச் சொன்னார். கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பங்குத் தந்தை 'குட் மோர்ணிங்' சொன்னாலே ஓடி ஒளிக்கிற மனுசன். இது அந்தாளில்லையடி. அனுப்பு" என்றார்.

அனுப்பினேன். 'உங்கள் குரல் உறுதிப்படுத்தப்பட்டது' என்று உடனே பதில் வந்தது. மறுநாள் தொகுப்பில் மாமா இல்லை. ஏற்கெனவே செய்த விளம்பரங்கள் மட்டும் எப்போதாவது வருகின்றன. இந்தக் கதையைச் சட்டத்தரணி அக்காவுக்குச் சொல்லத் தொடங்கினேன். "பொறும், இதை எனக்குச் சொல்லாதேயும்" என்று கையைக் காட்டினார்.

இயந்திரம் அவர்தான் என்று உறுதிப்படுத்திய குரலை, அவரோடு வாழ்ந்தவர் அவரில்லை என்று உறுதிப்படுத்தினார். இரண்டும் ஒரே பிற்பகலில் நடந்தன. எந்தப் பட்டியலில் போட்டாலும் இது எனக்குச் சரிவரவில்லை.

நான் மாமாவை இரண்டு தடவை பேசவைத்தேன். என்றாவது சட்டம் என்னைத் தேடி வந்தால் அந்த ஆங்கில வசனத்துக்காகத்தான் வரும் என்று நினைக்கிறேன், ஆனால் என் மனம் இன்னும் பிடித்து வைத்திருப்பது மாமியைக் கேட்காமல் நான் செய்த, ஊரெல்லாம் பாராட்டிய அந்த முதல் தடவையைத்தான்.