ஒரு சொட்டு பாக்கி

பல்செட்காரர் விசுவாசத்தை விட்டுவிட்டார் என்ற செய்தி முதலில் ரொட்டிக் கடையில் கிடைத்தது. இரண்டாவது முறை காதுக்கு வந்தபோது அவர் வேறு சபைக்குத் தாவியிருந்தார். மூன்றாவது முறை, குரலைத் தாழ்த்திச் சொல்லப்பட்டபோது, கதையில் ஒரு பெண்ணும் சேர்ந்திருந்தாள். ஒரே வாரத்தில் ஒரு மனிதர் இத்தனையும் செய்ய வேண்டுமானால் லீவு போட்டால்தான் முடியும். அவரோ பல்செட் கட்டும் பட்டறையை ஒருநாளும் மூடியதில்லை.

வதந்திக்கு ஆதாரம் இருந்தது. மூன்று ஞாயிறாக, பாஸ்டர் பிரசங்கத்துக்கு எழுந்து தொண்டையைச் செருமியதும் இவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். மணி பத்தாகச் சரியாக ஐந்து நிமிடம் இருக்கும்போது. இத்தனைக்கும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கும் ஆள் இல்லை. ஒன்பது வருடமாக முன்னால் நின்று ஜெபப் பட்டியலை வாசிப்பவர். இன்னாருக்குச் சுகம், இன்னாருக்கு வேலை என்று வரிவரியாக வாசிப்பார். வரிக்கு ஒரு ஆமென் சொல்வது எங்கள் பங்கு. அதில் நாங்கள் குறை வைத்ததே இல்லை.

நான்காம் ஞாயிறு நானும் எழுந்து பின்னாலேயே போனேன். உண்மையைக் கண்டுபிடிக்கப் பிரசங்கத்தைத் தியாகம் செய்தேன் என்று எழுத ஆசைதான். மனச்சாட்சி இடம் தரவில்லை.

மனிதர் திரும்பியே பார்க்காமல் இரண்டு தெரு நடந்தார். சலவைக் கடைக்கு மேலே மரப்படி ஏறினார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில் ஒரு பெரியவர் தலையை அண்ணாந்து சாய்த்திருந்தார். பல்செட்காரர் இடது கையால் அவருடைய கீழிமையை இழுத்துப் பிடித்து, வலது கையால் ஒரு சிறு புட்டியைக் கவிழ்த்தார். ஒரே ஒரு சொட்டு. பிறகு பெரியவரின் கண்ணோரத்தை விரலால் அழுத்திப் பிடித்தார்.

"ரெண்டு நிமிஷம் மூடியே வைங்க. பேசாதீங்க."

"மருந்து கண்ணுலதானே விட்டீங்க? வாயை எதுக்கு மூடச் சொல்றீங்க?" என்ற பெரியவர், கண்ணைத் திறக்காமலே வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "படியில ஒருத்தர் மூச்சு வாங்குறார். என்ன, பிரசங்கமே உங்கள தேடி வந்துடுச்சா?"

பட்டியலில் பதினோராவது வரி அவர்தான். 'வாட்ச் ரிப்பேர்காரர், பார்வைக்காக.' இரண்டு வருடமாக அவருக்காக ஆமென் சொல்லியிருக்கிறேன். ஆளை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். சுவரெல்லாம் பிளாஸ்டர் தாடைகள். ஒன்றுக்கும் முகம் கிடையாது, ஆனால் எல்லாம் சிரித்தன. பல்செட்காரர் ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

எல்லாம் தபால் அக்காவால் ஆரம்பித்தது. தபால் ஆபீசில் ஓய்வு பெற்றவர், மூன்றாவது பெஞ்சில் உட்காருபவர். 'தபால் அக்கா, முட்டிவலிக்காக' என்பது பட்டியலில் நான்காவது வரி. ஒருநாள் அவர் தன் அம்மாவின் பல்செட் உறுத்துகிறது என்று சண்டை போட, இந்தப் பட்டறைக்கு இரண்டு மாடியும் கடகடவென்று ஏறி வந்திருக்கிறார்.

"அக்கா, முட்டி?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"எந்த முட்டி? அது போன வருஷமே சரியாயிடுச்சே!"

"நான் வாரா வாரம் வாசிக்கிறேன், நீங்களும் ஆமென் சொல்றீங்களே?"

"எல்லாரும் சொல்றப்ப நான் மட்டும் வாயை மூடிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

அன்று சாயங்காலமே பல்செட்காரர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். பதினேழு வரி. ஐந்து பேர் எப்போதோ சுகமாகி, சொல்ல மறந்திருந்தார்கள். மூன்று பேருக்கு வேலை கிடைத்து, ஒருவர் அதிலிருந்து ஓய்வும் பெற்றிருந்தார். ஒருவர், நாங்கள் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததை நேரிலேயே கேட்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மற்றவை எல்லாம் எப்படியோ முடிந்த கதைகள். எழுதிய நாளில் எப்படியோ அப்படியே இருந்தது பதினோராவது வரி ஒன்றுதான். பட்டியலுக்குப் பெயரைக் கொடுத்த பெரியவரின் தங்கை வெளிநாடு போய்விட்டாள். பெரியவருக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமுள்ள கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. நாளுக்கு நான்கு வேளை, ஆறு, பத்து, இரண்டு, மறுபடி ஆறு என்று தவறாமல் சொட்டு விட்டால் ஆறு வாரத்தில் இறங்கும். இறங்காவிட்டால் இருப்பதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாட்சின் முடியிழை ஸ்பிரிங்கை இடுக்கியில் பிடித்த கை இப்போது நடுங்குகிறது.

"மூணு சொட்டு கன்னத்துல போகுது, ஒண்ணு மூக்குல போகுது. இந்நேரம் என் கன்னத்துக்குப் பார்வை வந்திருக்கணும்" என்றாராம் பெரியவர். யார், எதற்கு வந்தீர்கள் என்று விசாரித்துவிட்டு இதையும் சேர்த்தாராம்: "ரெண்டு வருஷமா எனக்காக வேண்டிக்கிறீங்களா? சந்தோஷம். நான் இங்கதான் இருக்கேன்னு உங்க சபைக்காரங்ககிட்ட சொல்லிடாதீங்க, வந்துடப்போறாங்க."

பல்செட்காரர் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். "சில பேர் செட் கட்டிட்டுப் போவாங்க. ஃபோட்டோவுக்கு மாட்டுவாங்க, விசேஷத்துக்கு மாட்டுவாங்க. சாப்பிட உக்காந்தா கழட்டித் தண்ணில போட்டுடுவாங்க. நான் ஒன்பது வருஷம் அப்படித்தான் வாசிச்சிருக்கேன், பிரதர். நல்ல குரல்னு வேற எல்லாரும் சொன்னீங்க."

அந்த நேரம் பார்த்துப் பாஸ்டரே படியேறி வந்தார். வதந்தி அவரையும் எட்டியிருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பிளாஸ்டர் தாடைகளைப் பார்த்தார்.

"பிரசங்கம் முடிஞ்சதும் போகக்கூடாதா?"

"எத்தனை மணிக்கு முடியும்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க பாஸ்டர், இருக்கேன்."

நல்ல மனிதர், பொய்க் கையெழுத்துப் போடவில்லை. உள்ளேயிருந்து பல்செட்காரரின் மனைவி குரல் கொடுத்தார்: "நாலு வேளையும் இவரே ஓடினா பல்லு யாருங்க கட்டுறது? இவ்வளவு பெரிய சபையில கை இருக்கறவங்க வேற யாருமே இல்லையா?"

அடுத்த ஞாயிறு பட்டியல் வாசிக்கப்பட்டது. ஒரே வரி. பதினோராவது. வாசித்துவிட்டுப் பல்செட்காரர் சொன்னார்: "இதுக்கு ஆமென் சொல்றவங்க, வாசல்ல ஒரு தாள் தொங்குது, பேரும் நேரமும் எழுதிட்டுப் போங்க."

எங்கள் சபையின் ஆமென் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கும். அன்றைக்கு அது பூனை மாதிரி வந்தது. தாளில் முதல் பெயர் தபால் அக்கா: தினமும் காலை ஆறு மணி. "முட்டி சும்மாதானே இருக்கு" என்றார். பாஸ்டர் சாயங்காலம் ஆறு மணியை எடுத்துக்கொண்டார். என் பேனாவும் பையிலிருந்து எப்படியோ வெளியே வந்துவிட்டது. புதன், மதியம் இரண்டு.

பெரியவர் வீட்டுச் சுவரில் ஒரு பெரிய காலண்டர். ஆறு வாரம், நாளுக்கு நாலு கட்டம், மொத்தம் நூற்று அறுபத்தெட்டு. சொட்டு விட்டவர் தன் கையாலேயே டிக் போட வேண்டும். அது பெரியவரின் சட்டம்.

அந்தப் புதன்கிழமை ஒன்றரைக்கே கிளம்பிவிட்டேன். ரொட்டிக் கடையில் நாலு பேர் பல்செட்காரரை இன்னும் மென்றுகொண்டிருந்தார்கள். விடுவேனா? நடந்ததை ஆதியிலிருந்து எடுத்துச் சொன்னேன். அவருடைய அர்ப்பணிப்பைப் பற்றி, அரைமனதுப் பக்தியைப் பற்றி, வெறும் வாயால் ஆமென் சொல்கிறவர்களைப் பற்றி. ஒருவர் கண்கூடக் கலங்கிவிட்டது. பெருமையாக மணியைப் பார்த்தேன். மூன்றேகால்.

படியேறியபோது பெரியவர் நாற்காலியில் அண்ணாந்தபடியே இருந்தார். மடியில் புட்டி, கன்னத்தில் ஈரம்.

"நானே ரெண்டு தடவ விட்டுப் பார்த்தேன், தம்பி. கன்னத்துக்கு யோகம்."

 இப்போதாவது விட்டுவிடலாமா என்றேன். அடுத்த ஆறு மணிச் சொட்டோடு நெருக்கக் கூடாது, தவறினால் தவறியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம். கட்டம் காலியாகவே நின்றது. பல்செட்காரரிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. "அடுத்த புதனும் உங்களுதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மெழுகைச் சூடாக்கப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

அடுத்த புதன் ஒன்றே முக்காலுக்கே படியில் இருந்தேன்.

ஆறாம் வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் பல்செட்காரர் கூட்டிப்போனார். அழுத்தம் இறங்கியிருந்தது. இருக்கிற பார்வை நிலைக்கும், ஆனால் மருந்தை நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர். தபால் அக்கா புதுக் காலண்டர் வாங்கி வந்தார். தாளில் இப்போது பதினோரு பெயர்.

ஞாயிறு பத்து மணிக்கு மட்டும் பெரியவர் ஒரு யோசனை சொன்னார். "பல்செட்காரரே, எனக்காக நீங்க பிரசங்கத்துக்குத் தப்பிச்சது போதும். நானே அங்க வந்துடறேன், ரெண்டு பேருமா கஷ்டப்படுவோம்." இப்போது பத்து மணிச் சொட்டுக்குச் சபையின் கடைசிப் பெஞ்சில் அண்ணாந்து உட்காருகிறார். அவர் ஈரக் கண்ணைத் துடைப்பதைப் பார்த்த யாரோ, பிரசங்கம் கேட்டு வாட்ச்காரர் உடைந்து அழுதுவிட்டார் என்று கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இந்த வதந்தியைச் சரிபார்க்க நான் போகவில்லை. சொட்டு விட்டு அரை மணிக்குப் பிறகும் அவர் துடைத்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரியும்.

பழைய காலண்டரைக் கழற்றச் சொன்னால் கழற்ற மறுக்கிறார். புதன்தோறும் மருந்து விட்டு, இரண்டு நிமிடம் அவர் கண்ணின் ஓரத்தை அழுத்திக்கொண்டு நிற்கும்போது, என் முகத்துக்கு நேரே அதுதான் தொங்குகிறது. நூற்று அறுபத்தேழு டிக். ஒரு காலி.

"தம்பி," என்பார், கண்ணை மூடியபடியே. "அந்த ஒண்ணு இன்னும் பாக்கி."

"தெரியும் ஐயா. பேசாதீங்க" என்பேன்.