சாரல் அழிக்காத சிவப்பு

ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும் என்பதால்தான் காளீஸ்வரிக்கு அந்த வேலை கிடைத்தது. தென்காசியில் பள்ளிக்கூடச் சாமான்களை மொத்தமாக எடுத்துக் கடைகளுக்குப் போடும் சங்கரபாண்டி அண்ணாச்சி, ஆர்டர் பிடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அச்சன்புதூரிலிருந்து ஒரு பையோடும் மகனோடும் அவள் வந்து சேர்ந்திருந்தாள். புருஷன் பாண்டித்துரை ரோடு வேலைக்கென்று மலையைத் தாண்டிக் கேரளாவுக்குப் போனவன், புனலூரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். யாரும் அவளிடம் வந்து சொல்லவில்லை. அவன் வருவது நின்றது, அவளாகப் புரிந்துகொண்டாள்.

மகன் அபி படித்து முடித்து ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போன பிறகு வீட்டில் அவளும் ஃபேன் சத்தமும்தான். பகலெல்லாம் இலஞ்சி, செங்கோட்டை, புளியறை என்று கடை கடையாக ஏறி இறங்குவாள். "அடுத்த வாரம் பாப்போம்" என்பதையே ஒவ்வொருவர் வாயிலும் கேட்டுவிட்டுத் திரும்புவாள். நாள் முழுக்க வாய் ஓயாத வேலை. ஆனாலும் வீட்டுக்கு வந்து யோசித்தால் அன்று யாரோடும் பேசின மாதிரியே இருக்காது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிய சமயம், அவர்கள் விற்கும் கிரயான் கம்பெனி ஒரு விளம்பரத்தை அனுப்பிவைத்தது. கூடவே சென்னையிலிருந்து விளம்பர ஏஜென்சிப் பெண் ஒருத்தியும் வந்தாள். பெயர் ஸ்மிருதி. அவள் தாத்தா காலத்திலேயே செங்கோட்டையை விட்டுப் போன குடும்பம்.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஆளை விட உயரமான ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தினார்கள். அதில் மலையும் அருவியும் மரங்களும் வெறும் கறுப்புக் கோடுகளாக இருந்தன. பலகை ஓரத்தில் கயிற்றில் கட்டிய கிரயான்கள் தொங்கின. அருவிக்கு வரும் பிள்ளைகள் கலர் தீட்ட வேண்டும். மெழுகுக் குச்சி என்பதால் எவ்வளவு சாரல் அடித்தாலும் தீட்டியது போகாது. மேலே பெரிய எழுத்தில் 'சாரல் அழிக்காத நிறம்' என்று இருந்தது.

"எப்படி இருக்கு அக்கா?" என்று ஸ்மிருதி கேட்டாள்.

"நல்லாருக்கு மேடம்" என்றாள் காளீஸ்வரி. மனதாரத்தான் சொன்னாள். இந்த ஊருக்கென்றே யோசித்துச் செய்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் மொய்க்கப்போகிறார்கள், நமக்கு மூச்சு விட நேரம் இருக்காது என்று நினைத்தாள்.

சீசன் முடியும்வரை பலகைப் பக்கம் நிற்கும் வேலையை அண்ணாச்சி அவளுக்கே கொடுத்தார். "பொம்பளையாளு நின்னா பிள்ளைக பயமில்லாம வரும்லா" என்றார்.

பிள்ளைகள் வரவில்லை. வந்தார்கள், ஆனால் நிற்கவில்லை. குளித்துவிட்டு உதடு நடுங்க வருகிறவர்களுக்குத் துண்டும் சூடான பஜ்ஜியும்தான் கண்ணில் பட்டன. குளிக்கப் போகிறவர்களோ எண்ணெய்க் கையோடு போனார்கள். ஒரு சின்னப் பெண் பச்சைக் குச்சியை எடுத்ததும், "ஏட்டி, சளி பிடிக்கும், வா" என்று தாய் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு குரங்கு வந்து மஞ்சளைக் கடித்துப் பார்த்துத் துப்பியது. மத்தியானம் காளீஸ்வரி டீ குடிக்கப் போய்த் திரும்பும்போது, பலகையின் மேல் யாரோ ஈரப் பாவாடையைக் காயப் போட்டிருந்தார்கள். அதை அவள் எடுக்கவில்லை. உடையவள் வந்து எடுத்துப்போகட்டும் என்று காத்திருந்தாள். அந்த அம்மாள் வந்து, "நீங்கதான் பாத்துக்கிட்டீகளா? நல்லதாப் போச்சு" என்று சொல்லிப் பாவாடையை உதறிக்கொண்டு போனாள். அன்று முழுக்க அவளிடம் வந்த பேச்சு அது ஒன்றுதான்.

சனிக்கிழமை ஸ்மிருதி கேமராவோடு வந்தாள். ஒரு சுற்றுலா பஸ்ஸிலிருந்த பிள்ளைகளைக் கூட்டிவந்து ஆளுக்கொரு குச்சி கொடுத்தாள். அரைமணி நேரம் ஒரே சிரிப்பும் சத்தமும். மலை ஊதாவானது, அருவி ஆரஞ்சானது. பஸ் ஹாரன் அடித்ததும் இடம் பழையபடி காலியாகிவிட்டது. அந்த வீடியோ போனில் எங்கெங்கோ சுற்றியது. ஓசூரிலிருந்து அபிகூடக் கூப்பிட்டான். "எம்மா, நீ அந்த ஓரத்துல கொடை பிடிச்சுக்கிட்டு நிக்கியே, பாத்தியா? எங்க ரூம்ல எல்லாரும் பாத்தோம்."

"அப்படியா? நீ சாப்பிட்டியா?" என்றாள். அவன் அதற்குள் போனை வைத்துவிட்டான்.

மறுவாரம் செங்கோட்டைக்குப் போனபோது முஹ்ஸினாவிடம் கேட்டாள். பஜாரில் நோட்டு, பேனா விற்கும் கடை வைத்திருப்பவள் முஹ்ஸினா.

"யாரும் வந்து அந்தக் கிரயானக் கேட்டாங்களா?"

"வீடியோ நானும் பாத்தேன் அக்கா, ஜோரா இருந்துச்சு. ஆனா கேட்டு ஒருத்தரும் வரல. டீச்சர் எந்தக் கம்பெனி பேரச் சொல்லி விடுதாங்களோ அததான் வாங்குதாங்க. பிள்ளைக இஷ்டத்துக்கு யாரு வாங்கிக் குடுக்கா?"

ஆடி மாதக் கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வழியெல்லாம் ஆளில்லை. அவளை வரவேண்டாமென்று யாரும் சொல்லாததால் குடையோடு பலகைப் பக்கம் நின்றிருந்தாள். அப்போது ஒரு மனிதர் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். விரலால் அந்த ஆரஞ்சு அருவியை அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்பம் வரைஞ்சது?"

"ரெண்டு வாரம் இருக்கும் அண்ணாச்சி."

"இத்தன மழைக்கும் அழியலியே."

அவர் பெயர் மாடன். செங்கோட்டையில் மர டிப்போவில் வேலை. அறுப்புக்கு வரும் மரத்தடிகளில் அளவும் ஆள் பெயரும் எழுதிவைப்பது அவர்கள் வழக்கம். சாக்பீஸில் எழுதுவது முதல் மழைக்கே போய்விடும். பிறகு எந்தத் தடி யாருடையது என்று சண்டை வரும்.

"சிவப்பு மட்டும் கிடைக்குமா? பாக்கிக் கலரெல்லாம் எனக்கு எதுக்கு?"

அந்தச் சீசனில் பலகையைப் பார்த்துவிட்டு வாங்கக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். கம்பெனி சிவப்பைத் தனியாகத் தருவதில்லை. காளீஸ்வரி சங்கரபாண்டி அண்ணாச்சியிடம் சொல்லிப் பெட்டிகளைத் தானே வாங்கி, சிவப்பை மட்டும் உருவி டிப்போவில் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாடன் துண்டால் ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒரு தடியில் எழுதிப் பார்த்தார். அடுத்த டிப்போக்காரர்களும் கேட்டார்கள்.

சந்தோஷத்தோடு ஸ்மிருதிக்குப் போன் செய்தாள்.

"சூப்பர் அக்கா" என்றாள் ஸ்மிருதி. "ஆனா கம்பெனிக்கு இதச் சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. அவங்களுக்குக் குழந்தைங்கதான் வேணும். போர்டுக்கு அடுத்த வருஷம் பணம் இல்லைன்னுட்டாங்க. எனக்கே மனசு கஷ்டமா இருக்கு" என்றாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு மேடம்" என்றாள் காளீஸ்வரி.

பலகையைப் பிரித்து வேனில் ஏற்றினார்கள். அவள் பழையபடி கடை கடையாகப் போனாள். டிப்போக்களுக்குச் சிவப்பு கொடுப்பதை மட்டும் விடவில்லை. சிவப்பு போன பெட்டிகள் வீட்டு அலமாரியில் சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பெட்டியைத் திறந்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீலத்தைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன வரைவதென்று தெரியவில்லை. மூடி வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். பெட்டிகளை அச்சன்புதூர் அங்கன்வாடியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிள்ளைகள் செம்பருத்திக்கு ரோஸ் தீட்டினார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் புளியறையில் கடைகளை முடித்துவிட்டு, ரோட்டோர ஓட்டலில் டீ சொல்லிவிட்டு நின்றாள். கேரள எல்லைச் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. எதிரே தடி ஏற்றிய ஒரு லாரி. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடியின் வெட்டு முகத்திலும் சிவப்பில் எண்ணும் பெயரும் அப்படியே இருந்தன.

அவளுக்கு யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. ஸ்மிருதியைக் கூப்பிட்டாள். அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்றது போன். அபிக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷிப்டில் இருப்பான்.

டீ கொண்டுவந்த பெண்ணிடம், "அந்த லாரியில எழுதியிருக்கது நான் குடுத்த கலரு" என்றாள்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "எந்த லாரி சேச்சி?" என்றாள். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ புரோட்டா கேட்டார்கள், போய்விட்டாள்.

காளீஸ்வரி டீயைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசை நகர்ந்து அந்த லாரி மலைப்பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.