ஏத்தத்தில் நின்ற சத்தம்

பிரபாகருக்கு ஓரிடத்தில் உட்கார வராது. முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை. நாற்காலியில் இருந்தாலும் முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். குன்னத்தூர்ப் பக்கம் ஊர். ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த அவர்கள் வளவில் முதல் பட்டதாரி அவன்தான்.

வளவுக்குப் போகக் கோயில் வீதி ஒன்றே வழி. அவனுடைய அப்பா நல்லான் அந்த வீதி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். இறங்கு என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவருக்குக் கால் தானாக இறங்கிவிடும்.

மகன் பைக் வாங்கினான். வாங்கி என்ன? கூடவே வந்த சைலன்சரில் வண்டி பூனை நடப்பது போலப் போனது. வீதியில் ஒரு தலை திரும்பவில்லை. நல்லான் மகன் இறங்காமல் போகிறான் என்று அந்த வீதிக்குக் காது கேட்க வேண்டும். அந்த நமைச்சல் அவனைத் தூங்கவிடவில்லை.

மெக்கானிக் தனபால் தன் ஒர்க்‌ஷாப்பில் குட்டையும் நீளமுமாக இரண்டு சைலன்சர் குழாய்களை எடுத்துப் போட்டார்.

"குட்டையில உள்ள தடுப்பே கிடையாதுங்க, இடி மாதிரி கேக்கும். நீளத்துல தடுப்பு இருக்குது. சத்தம் கம்மி, சின்ன கியர்ல இழுவை நல்லா இருக்கும். டபுள்ஸ் போவீங்களா?"

"தங்கச்சியக் கூட்டிட்டுப் போவணுமுங்கண்ணா."

"அப்ப ரோசனை பண்ணிக்குங்க."

இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டச் சொல்லி, ஸ்டாண்டில் நிறுத்தியே ஆக்சிலேட்டரை முறுக்கினான். குட்டைக் குழாயில் நெஞ்சு அதிர்ந்தது. "இதையே மாட்டுங்க."

கம்பெனிக்குத் துணி வந்தால் தண்ணீரில் அலசி, காயவைத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்காமல் ஓகே சொல்லாதவன், நின்ற வண்டிக்கு ஓகே சொல்லிவிட்டான்.

அன்று மாலை கோயில் வீதி அதிர்ந்தது. "எவன்டா அவன்?" என்று பின்னால் ஒரு குரல். அவனுக்குத் தித்தித்தது. திரும்பிப் போய் மறுபடி ஒருதரம் வந்தான்.

மறுநாள் காலை தங்கை அன்புசெல்வி பின்னால் ஏறினாள். அதே கம்பெனியில்தான் அவளுக்கும் வேலை, செக்கிங்கில். ரயில்வே பாலத்து ஏத்தத்தில் முன்னால் துணி ரோல் ஏற்றிய லாரி ஊர்ந்தது. அவனும் வேகம் குறைத்தான். வண்டி திணறியது. முறுக்கினான், சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. நடு ஏத்தத்தில் அணைந்தே போனது. பின்னால் பஸ்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

அன்புசெல்வி குதித்து இறங்கினாள். "ண்ணா, சத்தம் மட்டும் பாலத்துக்கு மேல போயிருச்சு. நாம இங்கயே நிக்கறோம்."

"வாய மூடிட்டுத் தள்ளு."

"தள்ளறேன், தள்ளறேன். அப்படியே அப்பனாட்டவே இருக்குது, நீ தள்ளறது."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனுக்குக் காதுமடல் எரிந்தது.

அன்று முழுக்க எந்த மெயிலும் கண்ணில் ஏறவில்லை. வேலை விட்டதும் தங்கையோடு தனபால் முன் போய் நின்றான். நீளக் குழாயை மாட்டியதும் அவளை ஏற்றிக்கொண்டு நேரே பாலம். நடு ஏத்தத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி எடுத்தான். வண்டி முணுமுணுத்துக்கொண்டே இருவரையும் மேலே கொண்டுபோய்விட்டது.

"இன்னும் எத்தன வாட்டி ஏறி எறங்கறது? பசிக்குதுண்ணா."

கோயில் வீதியில் மெதுவாக நுழைந்தான். வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த கந்தப்பன் நிமிர்ந்தார். "யாருப்பா அது, நல்லான் பையனா?"

பிரேக் பிடித்தான். ஒரு கால் தரையில் ஊன்றியது. இன்னொரு காலும் தானாக இறங்கப் பார்த்தது. கியர்மேல் அழுத்தி வைத்துக்கொண்டான்.

"பிரபாகருங்க."

"என்னப்பா, நேத்து அந்தச் சத்தம் போட்டே, இன்னைக்குச் சத்தத்தையே காணம். வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்க. இப்பத்தான் சரியாச்சுங்க."

"ம்." அவர் கண் வண்டியிலிருந்து அவன் காலுக்குப் போனது. பிறகு அடுத்த தேங்காயை எடுத்தார்.

வீதி முனை வந்தது. பிரபாகர் வண்டியை வளைத்தான்.

"ண்ணா, ஊடு அந்தப் பக்கம்!"

"தெரியும். இன்னொரு வாட்டி இந்த வீதில போறோம், கால் ஊனாம. கெட்டியாப் புடிச்சுக்கோ," என்றான், வந்த வழியைப் பார்த்தபடி.