அக்கா பிசைவார், நான் பொரிப்பேன்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் கூட்டுக் குடும்பமாக இருந்த வீட்டில் சமையலறை சின்னது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். அந்த இரண்டு பேர் நானும் என் ஓரகத்தியும். என் கணவருக்கு அண்ணி, எனக்கு அக்கா. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அக்காவின் இரண்டு பெண்களும் என் பையனும் அதே பள்ளியில் படித்தார்கள். சாயங்காலம் எல்லோரும் ஒன்றாக நடந்து வீடு திரும்புவோம். தெரு முனையிலேயே, இன்றைக்கு என்ன பலகாரம் என்று பிள்ளைகளுக்குள் பந்தயம் நடக்கும். வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அக்கா முன்கூட்டியே எதையும் செய்து வைக்க மாட்டார். "ஆறிப்போனதத் தின்னா அதுங்களுக்கு என்ன ருசி தெரியும்? வந்ததும் சூடா போட்டுக்கலாம்" என்பார். பிள்ளைகள் யூனிபார்மைக் கழற்றி, கைகால் கழுவி வருவதற்குள் முதல் ஈடு தட்டில் விழுந்துவிட வேண்டும். அதற்கு மேல் நேரம் பிடிக்கிற எதையும் பள்ளிக்கூட நாட்களில் அவர் செய்ததில்லை.

அதனால் எல்லாமே எளிய பலகாரங்கள்தான். காலையில் மிஞ்சிய இட்லியைத் துண்டு போட்டு, மிளகாய்ப் பொடி தூவி வறுத்தால் ஒரு நாள் ஓடிவிடும். மோர் புளித்துவிட்டால் அரிசி மாவைக் கரைத்து, மோர்மிளகாய் தாளித்து மோர்களி. நேந்திரங்காய் மலிவாகக் கிடைத்தால் சீவிப் போட்ட சிப்ஸ். விருந்தாளிகள் வந்தால் மட்டும் மணப்பாறை முறுக்குப் பாக்கெட்டைப் பிரிப்போம். அதைப் பிள்ளைகள் சீந்தமாட்டார்கள்.

வேலையை யார் எப்படிப் பிரித்தோம் என்று நினைவில்லை. பிசைவது அக்கா, பொரிப்பது நான். என் கைக்கு மாவின் பதம் எப்போதும் பிடிபட்டதில்லை. அக்காவுக்குக் காய்ந்த எண்ணெய் என்றால் பயம். எட்ட நின்று போடுவார், அது இன்னும் அதிகமாகத் தெறிக்கும். "நீ நகரு, நீ நகரு" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டே அந்தச் சின்ன இடத்தில் இடம் மாறுவோம்.

ஒரு மழை நாள். கடைக்குப் போக முடியாது. வீட்டில் ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன்.

"ரவை இருக்குல்ல?" என்றார் அக்கா.

"உப்புமாவா? பசங்க அழும்க்கா."

"உப்புமான்னு யாரு சொன்னா?"

புளித்த தயிரை எடுத்து ரவையில் கொட்டினார். ஒரு கை அரிசி மாவு, நறுக்கிய வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. கலந்து மூடி வைத்துவிட்டு என்னிடம் பள்ளிக்கூடத்துக் கதை கேட்டார். கதை முடிவதற்குள் ரவை ஊறித் தடித்திருந்தது. கிள்ளிக் கிள்ளிப் போட்டால் போண்டா. மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி. அன்றைக்கு என் பையன் தட்டை வழித்துவிட்டு, அக்கா பெண்களின் தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவள் தன் பங்கிலிருந்து ஒன்றை எடுத்து அவன் வாயில் திணித்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மழை வந்தால் ரவா போண்டா.

இந்த நேரத்தில் வீட்டின் ஆண்கள் இருவரும் இருக்க மாட்டார்கள். மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு பாத்திரக் கடை. காலையில் ஒரே ஸ்கூட்டரில் போய், இரவு ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு டப்பாவில் எடுத்து வைப்போம். எண்ணெய் இறங்கி நமுத்துப்போனதை இருவரும் குறை சொல்லாமல் சாப்பிடுவார்கள்.

அந்தக் கடையால்தான் குடும்பம் பிரிந்தது. தில்லை நகரில் ஒரு புதுக் கடை போட வேண்டும் என்று என் மூத்தாருக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, ஆசை. சந்துக்குள் வந்து வாங்கும் ஜனம் குறைந்துகொண்டே போகிறது, கார் நிறுத்த இடம் வேண்டும் என்றார். அப்பா உட்கார்ந்த இடத்தை விட்டுப் போகக்கூடாது என்று என் கணவர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாதக்கணக்காக மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள், ஒரு நாள் கடையில் வேலையாட்கள் முன்னால் சத்தம் போட்டுப் பேசிவிட்டார்கள். என்ன வார்த்தை விழுந்தது என்று இருவருமே எங்களிடம் சொன்னதில்லை.

அன்று சாயங்காலமே இருவரும் தனித்தனியாக வீட்டுக்கு வந்தார்கள். கடை நேரத்தில் அவர்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. எண்ணெயில் ஒரு ஈடு வெந்துகொண்டிருந்தது. மூத்தார் கூடத்திலிருந்து அக்காவைக் கூப்பிட்டார். அக்கா மாவுக் கையோடு போனார். அடுத்த நிமிஷம் என் கணவர் என்னைக் கூப்பிட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது போண்டாக்கள் எண்ணெய் குடித்து அடியில் கிடந்தன. பிள்ளைகள் நிலைப்படியில் நின்று, "சித்தி, ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சில மாதங்களில் மூத்தார் தில்லை நகரில் தனிக் கடை போட்டார், அவர்கள் அங்கேயே குடி போனார்கள். நாங்களும் பழைய வீட்டை விட்டு, ஸ்ரீரங்கத்திலேயே ஒரு அபார்ட்மெண்டுக்கு மாறினோம். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் அக்கா வீடு. வெளியூர் இல்லை, காவிரிக்கு அந்தப் பக்கம். ஆனால் அண்ணனும் தம்பியும் பேசாதபோது நாங்கள் எந்த உரிமையில் போவது?

முதலில் போன் மட்டும் இருந்தது. கணவர்கள் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுவோம். அதுவும் துக்கம், கோபம் எதையும் பேச மாட்டோம். "ரவைக்குத் தயிர் எவ்வளவுக்கா? எனக்கு மாவு ஓடுது." "தண்ணி விட்டியா? தண்ணி விடாத." இவ்வளவுதான் பேச்சு. அதிலேயே எல்லாம் பேசியதுபோல் இருக்கும்.

ஒரு நாள் அப்படி அழைத்தேன். அக்கா எடுத்து "ஹலோ" என்றார். பின்னால் மூத்தார் குரல் கேட்டது. "யாரு?"

"ஒண்ணுமில்லங்க, ராங் நம்பர்" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.

நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். மாவு அன்றைக்கும் நீர்த்துத்தான் இருந்தது. அவர் ஏதோ நெருக்கடியில் சொல்லியிருப்பார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. மறுநாள் அவரே கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவருக்கு மேலும் சங்கடம் கொடுக்க வேண்டாம் என்று நானும் இருந்தேன். அப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் போய்விட்டது. எழுதும்போது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுச் சாயங்காலம் சுருங்கிப்போனது. நான் தனியாகப் பிசைந்து தனியாகப் பொரித்தேன். ஒரு முறை என் பையன் கடித்துப் பார்த்துவிட்டு, "பெரியம்மா பண்ணா உள்ள சாஃப்டா இருக்கும்ல?" என்றான். குறையாகச் சொல்லவில்லை, ஞாபகம் வந்து சொன்னான். அன்று விடுமுறை, என் கணவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து கை கழுவப் போனார். தட்டில் பாதி அப்படியே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல நாங்கள் பேக்கரிக்கு மாறிவிட்டோம். பஃப்ஸ், கேக், ஏதோ ஒன்று. மூன்று பேருக்கு எதற்கு எண்ணெய்ச் சட்டி வைப்பது?

போன வருஷம் ஐப்பசியில் ஒரு காலை, அக்காவின் பெரிய பெண் பேசினாள். கல்யாணமாகிப் பெங்களூரில் இருப்பவள். கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை மட்டும் தபாலில் வந்திருந்தது. குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"சித்தி, அப்பா போயிட்டாங்க. சித்தப்பாவ உடனே வரச் சொல்லுங்க."

மாரடைப்பு. மூத்தாருக்கு ஆண் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்கத் தம்பிதான் வர வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். என் கணவர் அந்த வீட்டு வாசலை முதல் தடவையாக மிதித்தது அன்றைக்குத்தான். அண்ணன் முகத்தைக் குனிந்து பார்த்தார். ஓயாமாரி மயானத்திலிருந்து திரும்பி வந்தபோது மொட்டையடித்த தலையோடு அவரைப் பார்க்க, மூத்தாரே வருவதுபோல் இருந்தது. அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் உறவுக் கூட்டம் கலைந்திருந்தது. பெரியவளின் குழந்தை பசியென்று சிணுங்கியது. பிள்ளைகள் மூன்று பேரும், இப்போது பெரியவர்கள், கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. நான் சமையலறைக்குப் போனேன். பளபளவென்று பெரிய சமையலறை, நாலு பேர் தாராளமாக நிற்கலாம். எதை எங்கே வைத்திருக்கிறார் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்தேன். ஓட்ஸ், சோள அவல், நான் பார்த்தேயிராத ஒரு மெஷின். இந்த வீட்டுப் பெண்கள் இத்தனை வருஷம் சாயங்காலத்தில் என்ன சாப்பிட்டு வளர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"அவலா தேடுற? கீழ் அலமாரி" என்று பின்னால் அக்கா குரல்.

அவலை அலசிப் பிழிந்தேன். வெல்லம் பொடித்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து தேங்காய் துருவினார். கலந்து கிண்ணங்களில் போட்டுக் கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அக்காவே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு ராங் நம்பர்னு சொன்னேன்ல."

"விடுங்கக்கா. அதையெல்லாம் இப்ப எதுக்கு?"

"இல்ல, கேளு. அவரு சும்மா யாருன்னுதான் கேட்டாரு. நானா பயந்துகிட்டேன். அப்புறம் சாப்பிடறப்ப, 'தம்பி வீட்டு நம்பரான்னு நெனச்சேன்'னாரு. நான் இல்லேன்னு சாதிச்சேன். அவரு மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு. அப்பவே சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிட்டமேன்னு சொல்லாம விட்டுட்டேன்."

துருவியை வைத்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கப்புறம் போன் அடிச்சா ரொம்ப நாள் அவரே வந்து எடுப்பாரு."

எங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படித்தான் இருந்தார் என்று எப்படிச் சொல்வது? தீபாவளிக்குத் தீபாவளி, "அங்கேருந்து ஏதாச்சும் பேசினாங்களா?" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்பார். இல்லை என்பேன். எங்களில் ஒருத்தி இன்னொரு தடவை அந்த எண்ணை அழுத்தியிருந்தால் போதும். கோபம் அவர்களுடையது. அது எப்போதோ ஆறிவிட்டது என்று தெரியாமல், நாங்கள் இரண்டு பேரும் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் அக்கா சொன்னதைக் கணவரிடம் சொன்னேன். சொல்லாமல் வைத்திருக்க எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"என்னங்க?"

"இத நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றார்.

பிறகு ஒவ்வொரு நாளும் தில்லை நகருக்குப் போய், அண்ணன் கடையின் கணக்கு வழக்குகளை முடித்து, சரக்கை எங்கள் பழைய கடைக்கு மாற்றி, சாவியைக் கட்டிட உரிமையாளரிடம் கொடுக்கும்வரை கூடவே இருந்தார். யாரும் கேட்டு அவர் செய்யவில்லை. இப்போது எங்கள் கடையில் அவருடைய மேசைக்கு மேல் மூத்தாரின் படம் மாட்டியிருக்கிறது. வாடிக்கையாளர் யாராவது கேட்டால், "எங்க அண்ணன்" என்று மட்டும் சொல்கிறார்.

அக்காவைப் பெரியவள் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். தனியாக எப்படி விடுவது என்று அவள் கேட்டதில் தவறில்லை. எங்களோடு வந்து இருங்கள் என்று நானும் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரன் இருக்கான்ல. அவன வளக்கணும்" என்றார். வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போனோம். ரயில் நகரும்போது ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். ஒலிபெருக்கி அறிவிப்பில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டதுபோல் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். வீடியோவில் பேரனைக் காட்டுவார். என்ன பலகாரம் செய்தீர்கள் என்று போன வாரம் கேட்டேன். "இங்க எதுவும் செய்ய விடறதில்ல. எல்லாம் போன்லயே ஆர்டர் பண்ணிடறா. வாசல்ல கொண்டாந்து குடுத்துட்டுப் போயிடறான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். என் பையன் சென்னையில் வேலையில் இருக்கிறான், நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது அக்காவுக்கும் எனக்கும் சாயங்காலம் முழுக்க நேரம் இருக்கிறது.